தோளில் ஒரு பையோடு மலையகம் போனேன்

தோளில் பையைப் போட்டுக்கொண்டு நாங்கள் நடக்காத நடையா? 2008 கடைசியில் கிளிநொச்சியிலிருந்து கிளம்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று 2009இல் மாத்தளன்வரை நடந்தபோது, என் பையில் பிறப்புச் சான்றிதழ்களும் காணிப் பத்திரமும் ஒரு பால்மாப் பெட்டியும் இருந்தன. அடுத்த இரவு எங்கே என்று தெரியாத பயணம் அது. அதனால்தான், 2024 மாசியில் நானாக ஓர் ஊரைத் தெரிந்து, நானாகப் பை கட்டி, தனியே நான்கு நாள் மலையகம் போய்வந்த கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன், சகோதரிகளே.

"புருசன் இல்லாதவள் தனிய ஊர் சுத்தப் போறாளாம்" என்று ஒழுங்கை முழுக்கக் கதை. கச்சேரிக்கும் விசாரணைக்கும் தனியே அலைந்தபோது ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. மகள் தன் பழைய பள்ளிக்கூடப் பையைத் தந்தாள். பக்கத்து வீட்டு ஆச்சி 1977 வன்செயலோடு மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். "கொட்டகலைப் பக்கம் போனா எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் இருக்கான்னு பாத்துட்டு வா தாயி" என்றார்.

வவுனியாவிலிருந்து கண்டி பஸ். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோபுரம் யன்னலால் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் இது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வந்த 200 ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மறுபடி நடந்தார்கள். பஸ்ஸில் குந்தியிருந்து போன எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

கண்டி நிலையத்தில் காக்கிச் சட்டையைக் கண்டதும் கை தானாக அடையாள அட்டையைத் தேடியது. அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை! மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நின்றபடிதான் பயணம். என்னருகே ஒரு ஜேர்மன் பிள்ளை, இருபது வயதிருக்கும். முதுகில் அவளைவிடப் பெரிய பை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசினோம். கண்டி ஹந்தானையிலிருந்து தேயிலை மலைகள் ஊடாக நுவரெலியாவரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பீக்கோ' நடைபாதையில் ஒரு பகுதியை நடக்கப் போகிறாளாம். "தனியாகவா?" என்று நான் கேட்க, அவள் என் பையைக் காட்டி அதே கேள்வியை என்னிடம் கேட்டாள். "ஓம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

நாவலப்பிட்டி தாண்டியதும் குளிர் காலால் ஏறியது. கடலும் வயலும் பார்த்த கண்ணுக்கு இந்தப் பச்சை புதிது. சீவி விட்ட தலைமாதிரி மலை. அந்தச் சீவலுக்குப் பின்னால் எத்தனை கை என்பது அட்டனில் இறங்கி, மறுநாள் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்தபோதுதான் விளங்கியது. இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, செங்குத்தான சரிவு. நான் வெறுங்கையோடு ஏற மூச்சு வாங்கியது. எங்கள் ஊரில் மலை என்று ஒன்றும் இல்லை என்பதை முழங்கால் சொன்னது.

"யாரைத் தேடி வந்தீங்க?" என்று ஓர் அக்கா கேட்டார். யாரையும் இல்லை, பார்க்க வந்தேன் என்றதும் அவருக்கு நம்பமுடியவில்லை. "நான் பொறந்ததிலேருந்து இந்த மலையிலதான் நடக்கிறேன். நுவரெலியாவுக்கே ரெண்டு தரம்தான் போயிருக்கேன்" என்றார். அப்போது நாட்கூலி 1000 ரூபாய். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். மாலையில் தன் லயத்துக்குக் கூட்டிப்போய் ரொட்டியும் சம்பலும் சாயத் தேத்தண்ணியும் தந்தார். உலகத்துக்குத் தேயிலை அனுப்புகிற இடத்தில் அவர்கள் குடிப்பது தூள்தேயிலை.

ஆச்சியின் கோயில் இருந்தது. புதிதாக வர்ணம் பூசியிருந்தார்கள். விபூதி எடுத்துவந்து கொடுத்தேன். ஆச்சி ஒன்றும் பேசவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டார்.

போக விரும்புகிறவர்கள் ஒரு கம்பளிச் சட்டையும் மழைக்காலமென்றால் அட்டைக்கடிக்குக் கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுமுன் தங்குமிடம் சேருங்கள். நான் ஒரு கன்னியர் மடத்து விருந்தினர் அறையில் தங்கினேன். முதலிரவு பையைத் திறந்தபோது அடியில் அந்தப் பழைய கோப்பு: பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், எல்லாம். எப்போது வைத்தேன் என்றே நினைவில்லை.

2025 கார்த்திகையில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. மண்சரிவில் வீடுகள் போயின. ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. அந்த அக்காவின் தொலைபேசி இரண்டு நாள் வேலைசெய்யவில்லை. மூன்றாம் நாள் எடுத்தார். "லயத்துக்குப் பின்னால மண்ணு எறங்கிடுச்சும்மா. பள்ளிக்கூடத்துல இருக்கோம். கையில கெடச்ச பையோட ஓடியாந்துட்டோம்."

பிள்ளைகள் சுகமா என்று கேட்டேன். சுகம் என்றார். பிறகு, "பையில பிறப்புச் சான்றிதழ் இருக்கா, அக்கா?" என்று கேட்டேன்.