இரவில் பெண் எதை உடுத்துவது? பெஹாலா எழுப்பிய கேள்வி

புதுதில்லி: இரவு விடுதிக்குச் சென்ற பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைவிட அவரது உடையும் நடத்தையுமே அதிகம் பேசப்பட்டது கொல்கத்தாவில், 2012 பிப்ரவரியில்.

பார்க் ஸ்ட்ரீட்டில் உள்ள இரவு விடுதியிலிருந்து பெஹாலாவில் உள்ள வீட்டுக்குத் திரும்பக் காரில் ஏறிய சுசெட் ஜோர்டான், ஓடும் காரில் கூட்டுப் பலாத்காரத்துக்கு ஆளானார். அது ஜோடிக்கப்பட்ட சம்பவம் என்றார் முதல்வராக இருந்த மம்தா பானர்ஜி. 2013-ல் சுசெட் தமது பெயரையும் முகத்தையும் தாமே வெளிப்படுத்தினார்.

தில்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கொடுமைக்குப் பிறகு, உடையையே காவலாக்கும் முயற்சிகள் தொடங்கின. சென்னையை அடுத்த காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள், தாக்குபவருக்கு மின் அதிர்ச்சி தரும் உள்ளாடையை 2013-ல் உருவாக்கினர். அணிந்திருப்பவர் இருக்கும் இடத்தைப் போலீஸாருக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்கும் வசதியும் அதில் இருந்தது. ஆனால், தகவல் கிடைத்ததும் போலீஸார் விரைந்து வந்தால்தான் அதனால் பயன்.

ஒளிரும் துணிகள்: இரவு விடுதிகளில் விரும்பி அணியப்படும் பளீர் வண்ணங்கள், அங்குள்ள புற ஊதா விளக்கில்தான் ஒளிரும். இருண்ட சாலையில் அவை பயன் தருவதில்லை. வாகன விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டையைத் தைத்தால், நடந்து செல்பவரை ஓட்டுநர் தொலைவிலேயே காண முடியும். விபத்தைத் தவிர்க்க அது உதவும், பலாத்காரத்தைத் தடுக்காது.

சட்டத்தில் மாற்றம்: பலாத்கார வழக்கில், புகார் கூறிய பெண் பொதுவாக ஒழுக்கம் அற்றவர் என்று காட்ட இடமளித்த சாட்சியச் சட்டப் பிரிவை 2002-ல் நாடாளுமன்றம் நீக்கியது. அவரது முந்தைய பாலியல் அனுபவம், சம்மதம் பற்றிய கேள்விக்குப் பொருந்தாது என 2013-ல் திருத்தம் வந்தது.

எனினும், பழைய எண்ணம் மறையவில்லை. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, பெண்களுக்கு இரவுப் பணியை இயன்றவரை தவிர்க்குமாறு மேற்கு வங்க அரசு 2024 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. இதற்கு உச்ச நீதிமன்றம் ஆட்சேபம் தெரிவித்தது. பாதுகாப்பு அளிப்பதே அரசின் கடமை என்று சுட்டிக்காட்டியதை அடுத்து, அப்பகுதியை நீக்க அரசு ஒப்புக்கொண்டது.

பார்க் ஸ்ட்ரீட் வழக்கில் மூவருக்கு 2015 டிசம்பரில் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சுசெட் அதே ஆண்டு மார்ச்சில் நோயால் காலமாகியிருந்தார்.