படத்தொகுப்புக் கலையும் புதிய மென்பொருளும்

ஓய்வு நேரத்திற் கலை பயில்வோர்க்கு இக்காலம் அளித்துள்ள வாய்ப்புகளுள் நிகழ்படத் தொகுப்பும் ஒன்றாகும். முன்னர்ப் படப்பிடிப்பு நிலையங்களில் மாத்திரம் இயன்ற இத்தொழில் இன்று வீட்டுக் கணினியில் இயல்வதாயிற்று. எனினும், புதியதொரு தொகுப்பு மென்பொருளை முதன்முறை திறப்பவன் எண்ணற்ற பொத்தான்களையும் பட்டியல்களையும் கண்டு மலைக்கின்றான். சிலர் அன்றே கைவிடுகின்றனர். வேறு சிலர், மென்பொருளின் எல்லா உறுப்புகளையும் கற்ற பின்னரே படந்தொகுக்கலாம் எனக் கருதிக் கற்றுக்கொண்டேயிருந்து, ஒரு படத்தையேனும் முடிக்காது விடுகின்றனர். இவ்விரு சாராரும் தவறுவது ஓரிடத்திலேயே. கலை வேறு, கருவி வேறு என்பதை அவர்கள் பிரித்தறியவில்லை.

படத்தொகுப்பாவது யாது? தனித்தனியே எடுக்கப்பெற்ற காட்சிகளைத் தெரிந்து, அளவறிந்து வெட்டி, பொருள் பயக்குமாறு நிரல்படச் சேர்த்தலே அது. சேர்க்கையினாற் பொருள் பிறக்கும் என்பதை உருசிய இயக்குநர் லெவ் குலெசோவ் முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளிற் சோதித்துக் காட்டினார். உணர்ச்சி எதனையும் வெளிக்காட்டாத நடிகர் ஒருவரின் முகம் ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை விளையாடும் குழந்தையோடும் இணைக்கப்பட்டது. பார்த்தோர் அம்முகத்திலே வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டு நடிப்பைப் பாராட்டினர் என அவர் மாணாக்கரான புடோவ்கின் எழுதியுள்ளார். முகமோ ஒன்றே, அதனை அடுத்து வந்த காட்சியே வேறு.

இக்கலைக்குரிய கருவிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. தொடக்ககாலத் தொகுப்பாளர் படச்சுருளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்து, கத்தரிக்கோலால் வெட்டிப் பசையால் ஒட்டினர். 1924 ஆம் ஆண்டிலே ஐவன் செரூரியர் என்னும் பொறியியலாளர் மூவியோலா என்னும் பொறியை அவர்கட்கு அளித்தார். வீடுகளிற் படம் பார்ப்பதற்கென்றே அவர் அதனை முதலில் எண்ணினார். விலை மிகுதியால் அது வீடு புகாது படப்பிடிப்பு நிலையம் புகுந்தது. பின்னர்க் கணினியின் துணையோடு 1989 இல் ஏவிட், 1991 இல் அடோபி பிறீமியர், 1999 இல் பைனல் கட் புரோ என்பன தோன்றின. வெட்டியும் ஒட்டியும் தேய்ந்த படச்சுருளுக்கு மாறாக, இவற்றில் மூலக்கோப்பு சிதைவதேயில்லை; எப்பகுதி எங்கிருந்து எதுவரை காட்டப்படவேண்டும் என்னும் குறிப்பு மாத்திரமே மாறுகின்றது. ஆகவே, பயில்வோன் பிழைசெய்ய அஞ்சவேண்டியதில்லை.

கருவி மாறினும் கலையறிவு உடன்வரும் என்பதற்கு அமெரிக்கத் தொகுப்பாளர் வால்ற்றர் மேர்ச் சிறந்த சான்றாவார். இலங்கையிற் பிறந்த மைக்கல் ஒண்டாச்சியின் நாவலைத் தழுவிய 'த இங்கிலிஷ் பேசண்ட்' (1996) என்னும் படத்தை அவர் படச்சுருளிலேயே தொகுக்கத் தொடங்கினார். குடும்பக் காரணத்தால் வீட்டிலிருந்து பணியாற்ற நேர்ந்தபோது, இடையில் ஏவிட்டுக்கு மாறினார். கணினியிற் தொகுக்கப்பட்டுத் தொகுப்புக்கான ஒஸ்கார் பரிசு பெற்ற முதற்படம் அதுவே. பின்னர் 'கோல்ட் மவுண்டன்' (2003) படத்தைப் பைனல் கட் புரோவிலே தொகுத்தார். ஒவ்வொரு முறையும் விரல்கள் புதியன கற்றன. எங்கே வெட்டுவது என்னும் அறிவைப் புதிதாகக் கற்கவேண்டியிருக்கவில்லை.

பொழுதுபோக்காளர் பலர் நாடும் டாவின்சி றிசோல்வ் என்னும் மென்பொருள் நிறத்திருத்தத்திற்கென எழுந்தது. பெருநிலையங்களே அதனை வாங்க வல்லனவாயிருந்தன. 2009 இல் அது அவுஸ்திரேலிய நிறுவனமான பிளக்மாஜிக் டிசைனின் கைக்கு வந்தது. 2011 இல் இலவசப் பதிப்பும் வெளியாயிற்று. தொகுப்பு, நிறம், ஒலி என்பன அதிலே தனித்தனிப் பக்கங்களாக அமைந்துள்ளன. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வல்லுநர்க்கு உரிய தொழிலாகும். பலர் பகிர்ந்து செய்யும் பணியைத் தனியொருவன் ஒரே திரையிற் காண்பதாலேயே மலைப்பு உண்டாகின்றது.

ஆதலின், கற்றலுக்கு ஒரு முறைவைப்பு வேண்டும். முதலாவது, கோப்புகளை ஓரிடத்தில் ஒழுங்குற வைத்தல். மென்பொருள் கோப்பின் இருப்பிடத்தையே நினைவிற் கொள்ளுமாதலால், பின்னர் அதனை இடம்மாற்றினாற் காட்சி காணாமற்போகும். இரண்டாவது, படவேகத்தைத் தீர்மானித்தல். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களைக் கொள்வது மரபு. கைத்தொலைபேசி பெரும்பாலும் 30 சட்டங்களில் எடுக்கும். வேகம் வேறுபட்ட காட்சிகளை ஆராயாது கலந்தால் அசைவு இடறும். மூன்றாவது, வெட்டுதல். காட்சியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்தல், காலக்கோட்டில் இடுதல், வேண்டாததை நீக்கி இடைவெளியை மூடுதல் ஆகிய மூன்றும் தொடக்கத்திற்குப் போதும். பின்னோட்டம், நிறுத்தம், முன்னோட்டம் என்பவற்றிற்குரிய ஜே, கே, எல் விசைகள் பெரும்பாலான மென்பொருள்களுக்குப் பொதுவாதலின், ஒன்றிற் பழகிய கை மற்றொன்றிலும் உதவும். நான்காவது, ஒலி. பேசுவோன் முகம் தோன்றுமுன்னரே அவன் குரல் கேட்குமாறு ஒலியை முன்னே நீட்டினால் வெட்டு உறுத்தாது. கணினி வலுக்குறைந்ததாயின், சிறிய பதிலிக் கோப்புகளைக்கொண்டு தொகுத்து, முடிவில் மூலக்கோப்புகளிலிருந்து படத்தை வெளியிடலாம்.

பயிற்சிக்குரிய பொருள் வீட்டிலேயே உண்டு. பாட்டி பனையோலைப் பெட்டி இழைப்பதை அரைமணி நேரம் படமாக்கிய மாணவனொருவன் அதனை மூன்று நிமிடங்களாகச் சுருக்க முயல்வானாக. விரல்களை எப்பொழுது காட்டுவது, முகத்தை எப்பொழுது காட்டுவது, ஓலை உரசும் ஒலியை எவ்வளவு நேரம் கேட்கவிடுவது என்பவற்றை அவனே தீர்மானிக்க வேண்டும். எந்தப் பொத்தானும் அவனுக்காக அதனைத் தீர்மானியாது. நல்ல வெட்டின் இயல்புகளுக்கு நிறையிட்ட மேர்ச், நூற்றுக்கு 51 பங்கை உணர்ச்சிக்கும், 23 பங்கைக் கதைக்கும், 10 பங்கைத் தாளவோட்டத்திற்கும் வகுத்தார். எஞ்சிய 16 பங்கே பார்வையும் இடத்தொடர்ச்சியும் பற்றியவை. சுழன்றும் சிதறியும் தோன்றும் இடைமாற்று அலங்காரங்களுக்கு அவர் பட்டியலில் இடமேயில்லை.

நிறத்திருத்தமும் பிற நுட்பங்களும் கற்கத் தகாதன அல்ல. கையிலுள்ள படம் அவற்றை வேண்டும்போது கற்றலே முறை. முதற்படம் குறையுடையதாகவே இருக்கும். அக்குறையே அடுத்துக் கற்கவேண்டியது யாதெனக் காட்டும். மென்பொருளைக் கரைகண்ட பின்னர்த் தொகுப்போம் எனக் காத்திருப்பவனின் கணினியிலோ, பாட்டியின் அரைமணி நேரக் கைவினை எவர் கண்ணுக்கும் எட்டாது கிடக்கும். மூன்று நிமிடமாயினும் முடிந்த படத்தை அப்பாட்டியும் இருந்து பார்க்கலாம்.