ஜீப்புக்கு எந்த அளவு வின்ச்? கணக்குப் போட்டு வாங்குவோம்!

பழனிக்குப் போய் வந்தவர்களுக்கு வின்ச் புதிதல்ல. வடத்தை உருளையில் சுற்றிப் பெட்டியை மலைமேல் இழுக்கும் அதே தத்துவம்தான் ஜீப்பின் முன்புறம் பொருத்தும் சிறிய வின்ச்சிலும் இருக்கிறது. போடியிலிருந்து மலையேறி ஏலமும் மிளகும் கொள்முதல் செய்பவர்களுக்கும், எஸ்டேட் கடைகளுக்கு அரிசி, பருப்பு அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்கும் இது பயன்படும். மழைக்காலத்தில் மண் பாதையில் சக்கரம் புதைந்தால், ஆள் திரட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், சரக்கும் நனைந்துவிடும்.

ஆனால் தராசில் வைக்காமல் ஒரு மூட்டைக்கும் விலை பேசாத நாம், வின்ச்சை மட்டும் கண் மதிப்பில் வாங்குகிறோம்.

எடை எது?

வெறும் வண்டியின் எடையைக் கணக்கில் எடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. வண்டி புதைவது பெரும்பாலும் சரக்கோடுதான். வழக்கமான பாரத்தை ஏற்றி, ஆட்களுடன் எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அந்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். வின்ச்சின் இழுவைத் திறன் அதற்குக் குறையக்கூடாது.

உதாரணமாக, வண்டி 1,800 கிலோ, சரக்கும் ஆட்களும் 700 கிலோ. மொத்தம் 2,500. ஒன்றரை மடங்கு 3,750 கிலோ.

வின்ச்சில் திறனைப் பெரும்பாலும் பவுண்டில் குறித்திருப்பார்கள். அதைப் பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். 8,000 பவுண்டு என்றால் சுமார் 3,600 கிலோ; நம் கணக்குக்குப் போதாது. 9,500 பவுண்டு என்றால் சுமார் 4,300 கிலோ, இதுவே சரி. வெறும் வண்டிக்குக் கணக்குப் போட்டிருந்தால் 2,700 கிலோவே போதும் என்று ஏமாந்திருப்போம்.

அதற்காக அளவுக்கு மீறிப் பெரியதும் வேண்டாம். முன் அச்சில் பாரம் கூடும். பாட்டரியையும் அதிகம் உறிஞ்சும்.

எழுதியிருக்கும் திறன் எப்போது கிடைக்கும்?

உருளையை ஒட்டிய முதல் அடுக்கு வடத்தில் இழுக்கும்போது மட்டுமே. மேலே அடுக்குகள் ஏற ஏறத் திறன் குறையும். நான்காவது அடுக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையலாம். எனவே விற்பவரிடம் அடுக்குவாரி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். இழுக்கும்போது வடத்தை நீளமாக விடுங்கள். ஆனால் உருளையில் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்கட்டும்.

சக்கரத்தின் நடுக்குடம் வரை சேறு என்றால், வண்டியின் எடையளவு இழுவை வேண்டும். மட்கார்டு வரை என்றால் அதைப்போல் இரு மடங்கு. நம் உதாரண வண்டிக்கு அது 5,000 கிலோ. 9,500 பவுண்டு வின்ச் தனியாகத் தாங்காது. இதற்குக் கைகொடுப்பது கப்பி. கப்பியை மரத்தில் கட்டி, வடத்தை அதன் வழியே திருப்பி வண்டியிலேயே மாட்டினால் இழுவை ஏறத்தாழ இரு மடங்காகும், வேகம் பாதியாகும். வின்ச்சோடு நல்ல கப்பியும், மரத்தில் சுற்ற அகலப் பட்டையும் சேர்த்து வாங்குவது பெரிய வின்ச்சைவிடச் சிக்கனம்.

கவனிக்க வேண்டியவை

மின்சார வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை இழுக்கும். என்ஜின் ஓடட்டும், விட்டுவிட்டு இழுங்கள்.

அறுந்த இரும்பு வடம் சாட்டைபோல் திரும்பி அடிக்கும், உயிரே போகலாம். வடத்தின்மேல் கனத்த சாக்கைப் போடுங்கள். கையுறை அணியுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களையும் லோடுமேன்களையும் வடத்தின் நீளத்துக்கு அப்பால் நிறுத்துங்கள். இந்த வின்ச்சால் மூட்டை தூக்குவதோ ஆள் ஏற்றுவதோ கூடவே கூடாது.

முன்பக்க இரும்புக் காப்புக் கம்பிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே பொருத்துவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

எடை பார்த்து விற்பது நம் தொழில். எடை பார்த்தே இதையும் வாங்குவோம். சரக்கு போனால் சம்பாதிக்கலாம். வண்டியோடு போகும் ஆளின் உயிரை எந்த லாபத்திலும் ஈடுகட்ட முடியாது.