வயல் தேடி வந்த ஆலை... மரவள்ளியில் வழி கண்ட பீர் நிறுவனம்!

மரவள்ளி விவசாயிகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிழங்கைப் பிடுங்கிவிட்டால் காத்திருக்க முடியாது. இரண்டு, மூன்று நாள்களில் உள்ளே கருநீலக் கோடுகள் ஓடி, கெட ஆரம்பித்துவிடும். எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். பக்கத்தில் ஆலை இல்லையென்றால், வியாபாரி சொல்வதுதான் விலை.

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கிலும் இதே சிக்கல்தான். அங்கே மரவள்ளி முக்கியமான உணவுப் பயிர். சிறு சிறு நிலங்கள், மோசமான சாலைகள். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சும் கிழங்குக்குச் சரியான சந்தை இல்லை. இன்னொரு பக்கம், ‘செர்வேஜாஸ் டி மொசாம்பிக்’ என்ற பீர் நிறுவனத்துக்கும் ஒரு சிக்கல். பீருக்கு வேண்டிய பார்லி மால்ட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அந்த விலைக்கு வாங்க ஏழை மக்களால் முடியவில்லை.

நிறுவனம் தன் வழக்கத்தை மாற்றியது. 2011-ம் ஆண்டு, சுமார் 70 சதவிகிதம் மரவள்ளி சேர்த்த ‘இம்பாலா’ பீரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆலைக்கு வந்து சேர்வதற்குள் கிழங்கு கெட்டுவிடுமே? அதற்கும் வழி கண்டார்கள். ‘டாட்கோ’ என்ற நெதர்லாந்து நிறுவனம், லாரியில் கொண்டுபோகக்கூடிய அரவை இயந்திரத்தை ஊருக்கே கொண்டுவந்தது. பிடுங்கிய கிழங்கை அங்கேயே அரைத்து, தண்ணீரைப் பிழிந்து, கட்டியாக்கிவிடுவார்கள். இந்தக் கட்டி சீக்கிரம் கெடாது. எடையும் குறைவதால் லாரி வாடகையும் மிச்சம்.

அரசும் கைகொடுத்தது. மற்ற பீருக்கு 40 சதவிகிதமாக இருந்த வரி, மரவள்ளி பீருக்கு 10 சதவிகிதம். அதனால் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. நிறுவனத்துக்குப் புதிய வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். அடுத்து கானாவிலும் மரவள்ளி பீர் வந்தது.

மூலப்பொருளை மாற்றியதால் மட்டும் இது நடக்கவில்லை. கொள்முதல் முறையையும் மாற்றியதால்தான் நடந்தது. அதேநேரம், வரிச் சலுகையை நம்பி நிற்கும் தொழில் இது. சலுகை போனால், நிறுவனம் வேறு மூலப்பொருளுக்கு மாறிக்கொள்ளலாம். நட்ட கிழங்கை விவசாயி மாற்ற முடியாது.

எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். விளைச்சலை வயலிலேயே எடுப்பார்களா? விலையை நடவுக்கு முன்பே எழுதித் தருவார்களா? அவர்கள் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு கரணையை நடலாம்.