பள்ளியில் பயிலும் பைதான் தொழிலுக்கு உதவுமா?

அரிமளம் வட்டாரக் கிராமங்களுக்குச் செல்லும்போது, பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயிலும் மாணவரின் பெற்றோர் நம்மிடம் கேட்பது இது: "பிள்ளை படிப்பது பைதானாம். அது சிறுவர் பழகும் மொழி, பிழைப்புக்கு உதவாது என்கிறார்கள். நகையை அடகு வைத்து நகரத்தில் வேறு வகுப்பில் சேர்க்கலாமா?" குடும்பத்தின் சேமிப்பைத் தொடும் கேள்வியாதலின், இதனைச் சற்று விளக்கமாக ஆராய்வோம்.

மொழியின் வரலாறு

கணினிக்கு வரிசைப்படி எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பே நிரல். அதனை எழுத உதவுவது நிரல்மொழி. நெதர்லாந்து நாட்டின் கைடோ வான் ராசம் என்பார் 1989ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1991இல் வெளியிட்ட மொழி பைதான். புதியவர்களுக்குக் கற்பிக்க அமைந்த ஏபிசி என்னும் மொழியின் எளிமையை அவர் இதில் கையாண்டார். எனினும், பாடத்திற்கு மட்டுமன்றி அன்றாட வேலைக்கும் பயன்படுமாறே இதனை அமைத்தார். நம் மாநிலத்தில் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இது இடம்பெற்றது.

தொழிலில் இதன் இடம்

கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் இன்ஸ்டாகிராமின் பின்னணிப் பணிகள் பைதானில் எழுதப்பட்டவை. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியும் பைதானைக் கொண்டே அமைக்கப்பட்டது. ஆகவே, கற்க எளிது என்பதனால் தொழிலுக்கு ஆகாது என்பது பொருந்தாது.

குறைகளும் உண்டு. பெருங்கணக்குகளில் இது சி போன்ற மொழிகளைவிட வேகம் குறைந்தது. அதனால் கடுமையான பகுதியை சி மொழியில் எழுதி, பைதானிலிருந்து இயக்குவது வழக்கம். மேலும், பல பிழைகள் அந்த வரி இயங்கும்போதுதான் புலப்படும். தண்ணீர் விட்ட பின்னரே வாய்க்காலின் உடைப்புத் தெரிவது போன்றது இது. எனவே, தொழில் செய்வோர் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதிப்பர். திருத்தங்களைத் தேதிவாரியாகப் பதிந்து வைப்பர். பிறர் படித்தறியக் குறிப்பும் எழுதுவர். மாணவனைத் தொழிலாளியாக்குவது இப்பழக்கமேயன்றி, மொழியின் கடினம் அன்று.

நாம் செய்யத்தக்கது

பைதான் மென்பொருளுக்கு விலையில்லை. பாடநூலையும் அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். ஆதலின், முதற்படிக்குக் கடன் வாங்கத் தேவையில்லை. பிள்ளை தானே சில நிரல்களை எழுதிப் பிழைதிருத்தத் தேர்ந்த பின்னர், மேற்படிப்பைப் பற்றி முடிவு செய்யலாம்.

பயிற்சிக்கு ஊர்க்கணக்கே போதும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 10,000 லிட்டர். கண்மாயின் நீர்பிடிப்புப் பரப்பையும் பெய்த மழையளவையும் கொடுத்தால், விழுந்த நீரைக் கணக்கிடும் நிரலை மாணவர் எழுதட்டும். அதில் எவ்வளவு மண்ணில் இறங்கும், எவ்வளவு கண்மாயைச் சேரும் என்று பெரியோரிடம் கேட்டுத் திருத்தட்டும். மழைக்குறிப்பையும் பரப்பளவையும் தந்துதவுவது ஊராட்சி உறுப்பினர்களின் பங்காகும்.

விடை தவறாக வந்தால், தவறு எங்கே என்று தேடும் பொறுமை பிள்ளைக்கு வரும். அப்பொறுமையே இத்தொழிலின் முதல்; அதனை நகை அடகு வைத்துப் பெற வேண்டியதில்லை.