பெயர் மறைந்த ஊழியர்கள்: ஆப்பிரிக்கத் திருச்சபை வரலாறும் இறையியல் மாணவர்களும்

அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஒருவர் ஞானஸ்நானம் பெறுவதைக் காண்கிறோம். அவருடைய பதவி, அவர் ஏறிச் சென்ற இரதம், அவர் வாசித்த ஏசாயாவின் பகுதி ஆகிய யாவும் நமக்குக் கூறப்படுகின்றன. அவர் எந்த அரசியின் கீழ் பணிபுரிந்தார் என்பதும் தெரிகிறது. அவருடைய பெயர் மட்டும் தெரியவில்லை. ஆப்பிரிக்கத் திருச்சபையின் பிற்கால வரலாற்றைப் பயில்வோருக்கும் இதே அனுபவம் மீண்டும் மீண்டும் நேரிடுகிறது. அக்கண்டத்தின் கிராமங்களுக்கு நற்செய்தியைச் சுமந்து சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் அம்மண்ணின் மக்களே. ஆயினும் நம் நூல்களில் அவர்கள் பெயரற்றவர்களாகவே உள்ளனர். இக்குறையை நீக்குவதற்கு ஆப்பிரிக்க இறையியல் மாணவர்கள் மேற்கொண்டுள்ள பணியை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

குறை நேர்ந்த விதம்

மிஷனெரிமார் தங்களை அனுப்பிய சங்கங்களுக்கு அறிக்கை எழுதினர். அவற்றில் அவர்களுடைய பயணங்களும் நோய்களும் இடர்களும் விரிவாக இடம்பெற்றன. உடன் உழைத்த உபதேசியாரோ பல வேளைகளில் ‘சுதேச உதவியாளர்’ என்ற இரு சொற்களில் அடங்கிவிட்டார். பின்னர் வரலாறு எழுதியோர் அவ்வறிக்கைகளையே ஆதாரமாகக் கொண்டமையால், முதலில் விடப்பட்ட பெயர்கள் பின்னரும் விடப்பட்டன.

ஓர் உதாரணத்தைக் கவனிப்போம். லைபீரியா நாட்டவரான வில்லியம் வாடே ஹாரிஸ் 1913, 1914-ஆம் ஆண்டுகளில் ஐவரி கோஸ்ட், கோல்டு கோஸ்ட் கரையோரங்களில் கால்நடையாகச் சென்று பிரசங்கித்தார். வெண்ணிற அங்கி அணிந்து, கையில் சிலுவைக் கோலையும் வேதாகமத்தையும் ஏந்திச் சென்றார். இலட்சத்திற்கு மேற்பட்டோர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றனர் என மதிப்பிடுகின்றனர். பிரெஞ்சு ஆட்சியினர் அவரைச் சிறைப்படுத்தி நாடு கடத்தினர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து, 1924-இல், மெதடிஸ்டு ஊழியர் ஒருவர் அப்பகுதிக்குச் சென்றபோது, பல்லாயிரவர் கூடி வழிபடும் சபைகளைக் கண்டு வியந்தார். ஹாரிசைப் பற்றி நூல்கள் உள்ளன. மெதடிஸ்டு ஊழியரின் பெயரும் ஏட்டில் உள்ளது. அப்பத்தாண்டுகளில் ஆலயங்களைக் கட்டி, ஓய்வுநாளை ஆசரித்து, மந்தையைச் சிதறவிடாமல் காத்தவர்கள் யார்? திருச்சபை வரலாற்றின் உண்மையான கேள்வி இதுவே என எண்ணுகிறோம். இதற்கு விடை மிஷன் அறிக்கைகளில் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் நினைவில்தான் உண்டு.

மாணவர் கையில் ஒரு பணி

இந்நினைவுகளைச் சேகரிப்பதற்கென 1995-இல் ‘ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ வாழ்க்கை வரலாற்று அகராதி’ தொடங்கப்பட்டது. எத்தியோப்பியாவில் வளர்ந்தவரும் மிஷனெரி இயல் அறிஞருமான ஜொனதன் பாங்க், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலிருந்து இதனை முன்னின்று நடத்தினார். பின்னர் இது பாஸ்டன் பல்கலைக்கழக இறையியல் கல்லூரியின் பொறுப்பில் அமைந்தது. அச்சு நூலாக அன்றி, கணினி வழியே எவரும் விலையின்றி வாசிக்கும் வண்ணம் இது வெளியிடப்படுகிறது. இணைய வசதியற்ற கல்லூரிகளுக்கெனக் குறுந்தகடுகளும் அனுப்பப்பட்டன. எச்சபைப் பிரிவினராயினும் இதில் இடம் உண்டு. 2016 முதல் இதனைச் சார்ந்த ஓர் ஆய்விதழும் வெளிவருகிறது.

இதன் சிறப்பு, எழுதுவோர் யார் என்பதில்தான் உள்ளது. ஆப்பிரிக்காவின் இறையியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயிலும் மாணவர்கள் இதற்கெனக் கட்டுரைகள் எழுதுகின்றனர். மாணவர் தம் ஊர்ச் சபையில் ஊழியம் செய்து மறைந்த ஒருவரைத் தெரிந்துகொள்கிறார். உறவினரையும் மூப்பரையும் கண்டு விசாரிக்கிறார். ஞானஸ்நானப் பதிவேட்டையும் கல்லறைக் கல்லையும் ஒப்பிடுகிறார். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதைக் குறிக்கிறார். தேர்வுக்குப்பின் மூலையில் கிடந்து செல்லரிக்கும் கட்டுரை, இவ்வாறு திருச்சபை முழுமைக்கும் உரிய ஆவணமாகிறது. ஒருவரைக் குறித்து ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளும் ஏற்கப்படுவது கவனிக்கத்தக்கது. நான்கு சுவிசேஷங்களைப் பெற்றுள்ள நமக்கு இது விந்தையன்று.

கடல் கடந்த ஆப்பிரிக்கர்

அடிமைகளாகக் கடல் கடந்து கொண்டுபோகப்பட்டோரின் வரலாறும் இதனோடு சேர்ந்ததே. 1718-இல் ஆன்டிகுவா தீவில் பிறந்த ரெபேக்கா, சிறுமியாக இருக்கையில் டேனிய அரசின் கீழிருந்த செயின்ட் தாமஸ் தீவில் விற்கப்பட்டார். விடுதலை பெற்றபின் மொரேவிய சபையில் சேர்ந்து, தோட்டங்கள்தோறும் நடந்து அடிமைப் பெண்களுக்குப் போதித்தார். சிறையும் கண்டார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று, இறுதியில் கிறிஸ்டியன் புரோட்டன் என்ற கணவருடன் கோல்டு கோஸ்டின் கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டையை அடைந்து, 1780-இல் அங்கே மரித்தார். மொரேவியர் தங்கள் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பேணிக் காத்தமையால்தான் இவ்வம்மையாரை நாம் அறிகிறோம்.

அக்காலத்தில் தரங்கம்பாடியும் அதே டேனிய அரசின் கீழ் இருந்தது. 1733-இல் அங்கே குருப்பட்டம் பெற்ற ஆரோன் என்ற தமிழ்ப் போதகரின் பெயர் நிலைத்திருப்பதற்கும், அங்கிருந்து ஹாலே நகருக்கு எழுதப்பட்ட கடிதங்கள் அச்சேறியதே காரணம். எழுதப்பட்டவர் நிலைத்தார், எழுதப்படாதவர் மறைந்தார். ஊழியத்தின் தகுதி இவ்வேற்றுமைக்குக் காரணமன்று.

எச்சரிக்கைகள்

இப்பணியில் ஆபத்துகளும் உண்டு. முதலாவது, மறைந்தவரைப் பரிசுத்தவானாகவே தீட்டிவிடும் ஆசை. திருமறை தாவீதின் பாவத்தையும் பேதுருவின் மறுதலிப்பையும் மறைக்கவில்லை. இரண்டாவது, ஆண்களிடம் மட்டும் விசாரித்து, பெண்களின் ஊழியத்தை மீண்டும் மறைத்துவிடுதல். மூன்றாவது, சேகரித்தவை கணினியில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என எண்ணுதல். கணினியும் பழுதுபடும், இணையதளமும் மறையும். ஆகவே ஒரு படி அச்சபையின் கையிலும் இருத்தல் வேண்டும். கதையைச் சொன்ன மூதாட்டியின் ஊரில் அது அவர்கள் மொழியிலேயே வாசிக்கப்பட வேண்டும். இல்லையேல், நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோமேயன்றி எதையும் கொடுத்தவர்களாகோம்.

முடிவுரை

பவுலடியார் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் பெபேயாள் தொடங்கிப் பலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். விசுவாசத்தினால் நீதிமானாகுதல் என்னும் ஆழ்ந்த உபதேசமும், உழைத்தவர்களின் பெயர்ப்பட்டியலும் ஒரே நிருபத்தில் இணைந்துள்ளன. பெயரை நினைவுகூர்தல் இறையியலுக்குப் புறம்பானதன்று என்பதற்கு இது சான்று. ஆப்பிரிக்க மாணவர்கள் நமக்குக் காட்டும் வழி எளியது. நம் சேகரங்களிலும் வேதபாட ஸ்திரீகளையும் உபதேசிமாரையும் நேரில் அறிந்த முதியோர் சிலர் இன்னும் உள்ளனர். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர் அவர்களில் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதுவாராக. அதற்கு அடுத்த விடுமுறை வரை அவர் நம்மோடிருப்பார் என்ற உறுதி நமக்கு இல்லை.