திருமுகமும் முன்னமும்: குடியரசின் தொடக்கக்கால மடல்கள்

அரசியற் பெரியோர் எழுதிய மடல்கள் இருவகைப்படும். ஒருவரை விளித்துப் பலரும் படிக்க எழுதியவை ஒருவகை. அறிஞர் அண்ணா 1955 முதல் தம்பிக்கு எழுதியவை இவ்வகையின. ஆட்சிக் கடமைகளுக்கிடையே, உரியவர் மட்டும் படிக்க எழுதியவை மற்றொரு வகை. முன்னதை இலக்கியமாகப் போற்றும் நாம் பின்னதை வரலாற்றாசிரியர்க்கென்று விட்டுவிட்டோம். ஆயின், அதனைப் படித்தற்குரிய நெறி நம் பொருளிலக்கணத்திலேயே உண்டு. அதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் செய்யுளியலில் 34 உறுப்புக்களைக் கூறினார். அவற்றுள் கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் என்பன மடலுக்கும் பொருந்துவன. எவ்விடத்தில், எவர், எவரிடம் கூறத்தக்க சொல் இது என்று கூற்றினின்றே உய்த்துணர வைப்பது முன்னம். கூறாது விடப்பட்டுப் படிப்போரால் நிரப்பப்படுவது எச்சம்.

ஒரு சான்று காண்போம். ஜவாஹர்லால் நேரு 1947 அக்டோபர் 15 அன்று மாகாணப் பிரதமர்களுக்கு ஒரு மடல் விடுத்தார். அது முதல் 1963 இறுதிவரை, இடையிடையே தவறினும், இரு கிழமைக்கு ஒன்றாக எழுதுதலை அவர் வழக்கமாகக் கொண்டார். ஏறத்தாழ 400 மடல்களாகப் பெருகிய இவை ஜி. பார்த்தசாரதியின் பதிப்பில் 1985 முதல் 1989 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன.

சென்னையில் இம்மடல்களைப் பெற்ற முதல்வர் ஐவர்: ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி இராஜா, இராஜாஜி, காமராசர், பக்தவத்சலம். எழுதியவர் ஒருவரே, கேட்போரோ வேறுவேறு. 1952இல் முதல்வரான இராஜாஜி அதற்குமுன் தலைமை ஆளுநராகவும் நேருவின் அமைச்சரவையில் உள்துறை அமைச்சராகவும் இருந்தவர். 1954இல் அவரை அடுத்து வந்த காமராசரோ நடுவண் அரசில் பதவி வகியாது, மாநிலக் கட்சிப் பணியில் வளர்ந்தவர். ஒரே தொடர் முன்னவர்க்கு நிகரானவரின் கலந்துரையாடலாகவும், பின்னவர்க்குத் தலைவரின் அறிவுரையாகவும் பொருள்படல் கூடும். ஆகவே கேட்போரை நீக்கிக் கூற்றை மட்டும் ஆராய்தல் நிரம்பாது.

களனும் காலமும் இவ்வாறே நோக்கற்பாலன. 1955 சனவரியில் நம் ஆவடியிற் கூடிய காங்கிரசு மாநாடு சமதரும பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாகத் தீர்மானித்தது. தீர்மானம் அவைக்களத்தில் முடிந்த சொல். மடல், முடிவை நோக்கி நடக்கும் சொல். முன்னதிற் காணும் உறுதியைப் பின்னதில் எதிர்பார்த்தலும், பின்னதிற் காணும் ஐயத்தைக் கொண்டு முன்னதைப் பொய்யென்றலும் பொருந்தா.

எச்சத்தை மறப்பதால் விளையும் பிழை இதனினும் பெரிது. திபெத்தில் சீனப்படை புகுந்த பின்னர், 1950 நவம்பர் 7 அன்று வல்லபாய் பட்டேல் நேருவுக்கு ஒரு மடல் எழுதினார். இன்றும் அதனைப் பலர் தனித்தெடுத்து வழக்காடுவர். அதே திங்கள் 18ஆம் நாள் நேரு எழுதிய குறிப்பையும் உடன்வைத்து நோக்குவார் சிலரே. ஒருபுறச் சொல்லைக் கொண்டு இருவர் உள்ளத்தையும் அளத்தல், தோழி கூற்றை மட்டும் கேட்டுத் தலைவியின் உள்ளத்தை முடிபு செய்தல் போல்வதாம்.

இருபுறச் சொல்லும் கிடைத்தல் மடலைக் காப்போரைப் பொறுத்தது. அமெரிக்கக் குடியரசின் தொடக்கக்காலம் இதற்கு நல்ல சான்று. குடியரசுத் தலைவராயிருந்த ஜான் ஆடம்சும் தாமஸ் ஜெபர்சனும் அரசியற் பகையாற் பிரிந்து, 1812இல் மீண்டும் மடல்வழிக் கலந்தனர். 1826 சூலை 4 அன்று இருவரும் மறையும் ஆண்டுவரை அவ்வுறவு நீடித்தது. ஜெபர்சன் இரு எழுதுகோல்களைப் பிணைத்த கருவியொன்றால், எழுதும்போதே படியெடுத்து வைத்தார். அதனால் இருவர் உரையாடலும் இன்று நம் கைக்கு எட்டுகிறது. வாஷிங்டனும் அவர் மனைவி மார்த்தாவும் தமக்குள் எழுதியவற்றுள்ளோ மிகச் சிலவே எஞ்சின. ஏனையவற்றை மார்த்தாவே அழித்தார் என்பர்.

நம் தலைவர்கள் தமிழில் எழுதிய மடல்களுக்கும் இவ்விரு நிலைகளுள் ஒன்றே நேரும். தொகுக்கப் புகும் ஆய்வு மாணவர் மடலை மட்டுமன்றி, நாள், இடம், பெற்றவர், அவர் விடுத்த மறுமொழி ஆகியவற்றையும் ஒருங்கே பதிதல் வேண்டும். மறுமொழி கிடையாதாயின் அவ்விடத்தை எச்சமெனக் குறித்தலே முறை. தம் கருத்தால் நிரப்புதல் முறையன்று. ஒரு வரியைப் பிரித்தெடுத்து ஒருவரைப் புகழ்தலும் இகழ்தலும் எளிது. அவ்வரி எவருக்கு, எப்பொழுது, எதனை மனங்கொண்டு எழுதப்பட்டது என்று வினவிய பின்னரே அது சான்றாகும்.